ரெசின் ஏன் மேலே மட்டும் ஒட்டுகிறது? பாலிமர் சங்கிலி வளர்வதை நிறுத்தும் விதங்கள்

பைபர் படகு கட்டும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்டைரீன் வாடை. ஒரு வாளியில் தேன் மாதிரி ரெசின். அதில் கோபால்ட்டை முன்பே கலந்து வைத்திருப்பார்கள். கடைசியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு கேட்டலிஸ்ட் ஊற்றிக் கலக்குவார்கள். (கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தரும் பாடம் இது.) கண்ணாடி நார் விரிப்பின்மேல் அதைப் பூசி உருளையால் அழுத்துவார்கள். அரைமணி நேரத்துக்குள் அது சூடாகி, கூழாகி, கல்லாகிவிடும். ஆனால் கையால் தொட்டால் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று ஒட்டும். உள்ளே கல், மேலே பசை. ஒரே வாளியிலிருந்து வந்த ஒரே கலவைதான்.

ரெசின் இறுகுவது என்பதே அதிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலிமர் என்ற நீண்ட சங்கிலிகளாவதுதான். இந்தப் பிசுபிசுப்புக்கான விடை, அப்படிப்பட்ட பாலிமர் சங்கிலி ஒன்று வளர்வதை எப்படி நிறுத்துகிறது என்ற கேள்விக்குள் இருக்கிறது. பாலிமர் பற்றிப் படிக்கும்போது எல்லோரும் சங்கிலி எப்படித் தொடங்குகிறது, எப்படி நீள்கிறது என்று விரிவாகப் படிக்கிறோம். எப்படி நிற்கிறது என்பது கடைசியில் நாலு வரியில் முடிந்துவிடும். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் உறுதியாக இருக்குமா, சூட்டில் சிதையுமா, அதன் மூலப்பொருளைச் சேமிக்கும் தொட்டி பத்திரமாக இருக்குமா என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது சங்கிலி நிற்கும் விதம்தான்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஸ்டைரீன், எத்திலீன், வினைல் குளோரைடு போன்ற சிறு மூலக்கூறுகளில் இரண்டு கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. இவைதான் மோனோமர்கள், அதாவது சங்கிலியின் கண்ணிகள். வினையைத் தொடங்க ஒரு பொருள் வேண்டும். சூடு பட்டாலோ, கோபால்ட் போன்ற ஒன்று தூண்டினாலோ எளிதில் இரண்டாக உடையும் பெராக்சைடு போன்ற பொருள். பட்டறையில் அதைக் கேட்டலிஸ்ட் என்கிறார்கள். ஆனால் அது வினையூக்கி அல்ல. உடைந்து, சங்கிலியின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு, செலவாகிவிடுகிறது. ஆகவே துவக்கி என்பதே பொருத்தமான பெயர்.

துவக்கி உடையும்போது ஒவ்வொரு துண்டிலும் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கிறது. இப்படி ஜோடி இழந்த எலக்ட்ரான் உள்ள துண்டுக்கு ராடிக்கல் என்று பெயர். பாடநூலில் தனி உறுப்பு என்று படித்திருப்பீர்கள். எலக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கவே விரும்பும். அதனால் ராடிக்கல் பக்கத்திலுள்ள மோனோமரின் இரட்டைப் பிணைப்பில் ஒன்றை உடைத்து ஓர் எலக்ட்ரானை எடுத்து ஜோடி சேர்த்துக்கொள்கிறது. மிச்சமுள்ள எலக்ட்ரான் இப்போது புதிதாகச் சேர்ந்த மோனோமரின் மறுநுனியில் தனியே நிற்கிறது. அது அடுத்த மோனோமரைப் பிடிக்கிறது. கண்ணி கூடக் கூட அந்தத் தனி எலக்ட்ரான் எப்போதும் நுனியிலேயே இருக்கும்.

சரி, அப்படியானால் இது ஏன் நிற்க வேண்டும்? மோனோமர் தீரும்வரை ஒரே சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கலாமே?

100 கோடிக்கு ஒன்று

60 டிகிரி செல்சியஸில் வைத்த ஸ்டைரீனை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 8.4 மோல் மோனோமர் இருக்கும். அதே லிட்டரில் எந்த நொடியிலும் உயிரோடு இருக்கும் ராடிக்கல்கள் ஏறக்குறைய 10 கோடியில் ஒரு பங்கு மோல். அதாவது ஒரு ராடிக்கலுக்குக் கிட்டத்தட்ட 100 கோடி மோனோமர். இந்த அளவுக்குக் கூட்டத்தில் தொலைந்துபோன இரண்டு ராடிக்கல்கள் ஒன்றையொன்று சந்திப்பதே நடக்காது என்றுதான் தோன்றும்.

ஆனால் சந்திப்பு மட்டும் போதாது, சந்தித்தபின் வினை நடக்க வேண்டும். ராடிக்கல் ஒரு மோனோமரோடு லட்சக்கணக்கான முறை மோதினால்தான் ஒரு முறை பிணைப்பு உருவாகிறது, ஏனென்றால் இரட்டைப் பிணைப்பைத் திறக்க ஆற்றல் வேண்டும். இரண்டு ராடிக்கல்கள் சந்தித்தால் உடைக்க எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஜோடி தேடும் எலக்ட்ரான். கிட்டத்தட்டத் தொட்டவுடன் கதை முடிந்தது. வினை எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு வினைவேக மாறிலி என்று பெயர். ராடிக்கலும் மோனோமரும் சேரும் வினைக்கு அது ஸ்டைரீனில் 60 டிகிரியில் ஏறத்தாழ 340. ராடிக்கலும் ராடிக்கலும் முடியும் வினைக்கு அது சில கோடி. சந்திப்பு அரிது, ஆனால் சந்தித்தால் தப்பவே முடியாது. இந்த இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு சங்கிலியின் ஆயுள் ஒரு நொடி அளவில் வருகிறது. நிலைமையைப் பொறுத்துச் சில நொடிகள் வரை போகலாம். அந்த ஒரு நொடிக்குள் அது 3000 கண்ணிகளைச் சேர்த்துவிடுகிறது!

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆலையில் வினை பல மணி நேரம் நடக்கிறது என்றால் சங்கிலிகளும் பல மணி நேரம் மெல்ல மெல்ல நீள்கின்றன என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. துவக்கிதான் மெல்ல உடைகிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஏ.ஐ.பி.என். என்ற துவக்கி 60 டிகிரியில் பாதி அளவு உடைய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு சங்கிலியைத் தொடங்கும், அந்தச் சங்கிலி ஒரு நொடியில் முழு நீளமும் வளர்ந்து செத்துவிடும், அப்புறம் இன்னொன்று. பாத்திரத்தைப் பாதியில் திறந்து பார்த்தால் பாதி வளர்ந்த சங்கிலிகள் இருக்காது. வினையே தொடாத மோனோமரும் முழுதாக வளர்ந்து முடிந்த செத்த சங்கிலிகளும்தான் இருக்கும். அதிக நேரம் வைத்தால் சங்கிலி நீளாது, எண்ணிக்கைதான் கூடும்.

சாவதற்கு இரண்டு வழி

இரண்டு வளரும் நுனிகள் சந்தித்தால் இரண்டில் ஒன்று நடக்கும்.

முதலாவது, இணைதல். இரண்டு தனி எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து ஒரு சாதாரணப் பிணைப்பாகிவிடும். 1000 கண்ணிச் சங்கிலியும் 1500 கண்ணிச் சங்கிலியும் சேர்ந்து 2500 கண்ணியுள்ள ஒரே சங்கிலி. அதன் இரண்டு நுனியிலும் துவக்கித் துண்டு இருக்கும்.

இரண்டாவது, விகிதச் சிதைவு. ஒரு சங்கிலி மற்றதன் நுனிக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியது நிறைவடைந்து நின்றுவிடும். பறிகொடுத்ததன் நுனியில் இரட்டைப் பிணைப்பு உருவாகி அதுவும் நின்றுவிடும். 1000 கண்ணி 1000 ஆகவே, 1500 கண்ணி 1500 ஆகவே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நுனியில் மட்டும் துவக்கித் துண்டு.

எந்த மோனோமர் எந்த வழியில் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுனிகளை எண்ணினால் போதும். 1954-இல் பெவிங்டன், மெல்வில், டெய்லர் ஆகியோர் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த துவக்கியைத் தயாரித்து, ஒரு சங்கிலிக்கு எத்தனை துவக்கித் துண்டுகள் வருகின்றன என்று கதிர்வீச்சை வைத்தே எண்ணினார்கள். ஒரு சங்கிலிக்கு இரண்டு வந்தால் இணைதல், ஒன்று வந்தால் விகிதச் சிதைவு, நடுவில் வந்தால் இரண்டும் கலந்து நடக்கிறது. எவ்வளவு அழகான சோதனை! ஸ்டைரீன் பெரும்பாலும் இணைகிறது, மெத்தில் மெத்தாக்ரிலேட் பெரும்பாலும் விகிதச் சிதைவில் முடிகிறது என்று அது காட்டியது.

காரணமும் தெளிவானது. மெத்தில் மெத்தாக்ரிலேட் சங்கிலியின் நுனிக் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியும் ஓர் எஸ்டர் தொகுதியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு நுனிகள் நேருக்கு நேர் பிணைய இடமில்லை. மேலும், பிடுங்குவதற்குத் தோதான இடத்தில் அதற்கு ஐந்து ஹைட்ரஜன்கள் உண்டு. ஸ்டைரீனுக்கு இரண்டுதான். நெருக்கடியும் கூடுதல், கைக்கெட்டும் ஹைட்ரஜனும் கூடுதல்.

இது வெறும் ஆய்வக விஷயம் இல்லை. மெத்தில் மெத்தாக்ரிலேட்டிலிருந்து வருவதுதான் அக்ரிலிக் தகடு, பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் கடைப் பலகைகளிலும் மீன் தொட்டிகளிலும் பார்ப்பது. விகிதச் சிதைவில் இரட்டைப் பிணைப்போடு முடிந்த சங்கிலிகளை 300 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடாக்கினாலே அந்த நுனியிலிருந்து கண்ணி கண்ணியாகக் கழன்று திரும்பவும் மோனோமராகிவிடுகின்றன. நிறைவடைந்த நுனியுள்ள சங்கிலிகளுக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். பழைய அக்ரிலிக்கைச் சூடாக்கி மோனோமரை மீட்டெடுத்து மறுபடி தகடாக்க முடிவதே இந்தப் பாலிமர் கண்ணி கண்ணியாகக் கழலக்கூடியது என்பதால்தான். அந்தக் கழற்சி முதலில் தொடங்குவது, சங்கிலி செத்த கணத்தில் விட்டுப்போன அந்த இரட்டைப் பிணைப்பில்.

வேகமா, நீளமா?

சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று துவக்கியை நான்கு மடங்கு போட்டால் என்ன ஆகும்? வினை நான்கு மடங்கு வேகமாகும் என்று நினைப்போம். இரண்டு மடங்குதான் ஆகும். பிறப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் சாவுக்கு இரண்டு ராடிக்கல்கள் தேவை. ராடிக்கல்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானாலே சந்திப்புகள் நான்கு மடங்காகிவிடும். பிறப்பும் சாவும் அங்கே சமப்பட்டு நின்றுவிடும். எனவே வேகம் இரண்டு மடங்கு, ஆனால் ஒவ்வொரு சங்கிலியின் ஆயுளும் பாதி, நீளமும் பாதி. குட்டையான சங்கிலிகள் ஒன்றோடொன்று போதுமான அளவு பின்னிக்கொள்ளாது. பொருள் எளிதில் நொறுங்கும். அவசரத்துக்கு விலை, உறுதி.

இந்தக் கட்டிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது, நம் வீட்டுச் சுவரிலேயே. எமல்ஷன் பெயிண்ட், ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை எல்லாம் நீரில் மிதக்கும் நுண்துளிகளில் தயாராகின்றன. ஒரு துளி ஒரு மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. துவக்கி நீரில் கரைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு ராடிக்கல் ஒரு துளிக்குள் நுழைந்தால் அங்கே அது தனிமையில் வளரும். பக்கத்துத் துளியில் இன்னொன்று இருந்தாலும் நடுவே நீர். இரண்டாவது ராடிக்கல் அதே துளிக்குள் நுழையும்போதுதான் இரண்டும் உடனே முடியும். பிறகு மூன்றாவது வரும்வரை துளி சும்மா இருக்கும். சராசரியாகப் பார்த்தால் எந்த நேரத்திலும் பாதித் துளிகளில் ஒரு ராடிக்கல், பாதியில் எதுவுமில்லை. 1948-இல் ஸ்மித்தும் எவார்ட்டும் இதைக் கணக்காக வகுத்தார்கள். ராடிக்கல்களைத் தனித்தனி அறையில் பூட்டிவைப்பதால் வேகமும் கிடைக்கிறது, நீளமும் கிடைக்கிறது.

ஓட்டத்தைக் கைமாற்றுவது

இன்னொரு வகை நிறுத்தம் இருக்கிறது, அதில் ராடிக்கல் சாவதில்லை. வளரும் நுனி பக்கத்திலுள்ள ஏதோ ஒரு மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு நின்றுவிடும். பறிகொடுத்த மூலக்கூறு இப்போது ராடிக்கலாகிப் புதிய சங்கிலியைத் தொடங்கும். இதற்குச் சங்கிலி மாற்றம் என்று பெயர். 1937-இல் அமெரிக்க வேதியியலாளர் பால் ஃப்ளோரி இந்தக் கருத்தை முன்வைத்தார். சங்கிலிகள் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடக் குட்டையாக வந்துகொண்டிருந்ததற்கு அது விளக்கம் தந்தது. வினையின் வேகம் குறையவில்லை, ஆனால் நீளம் குறைகிறது. பாலிமர்கள் பற்றிய பணிக்காக ஃப்ளோரிக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பி.வி.சி. குழாயில் இது நேரடியாகத் தெரிகிறது. வினைல் குளோரைடு சங்கிலி தன் சொந்த மோனோமருக்கே ராடிக்கலை அடிக்கடி கைமாற்றிவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் கண்ணிக்கு ஒரு முறை. இரண்டு ராடிக்கல்கள் சந்தித்துச் சாவதற்கு முன்பே இது நடந்துவிடுவதால், துவக்கியைக் கூட்டினாலும் குறைத்தாலும் சங்கிலி நீளம் பெரிதாக மாறாது. வெப்பநிலை கூடினால் கைமாற்றம் அதிகமாகும், சங்கிலி குட்டையாகும். எனவே மேட்டூர், கடலூர் உட்பட உலகின் எந்தப் பி.வி.சி. ஆலையிலும் ரகத்தை நிர்ணயிக்கும் முதல் கைப்பிடி வெப்பநிலைதான். 50 முதல் 70 டிகிரிக்குள் எந்த எண்ணில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். அழுத்தம் தாங்கவேண்டிய குழாய்க்கு நீளச் சங்கிலி, ஆகவே தாழ்ந்த வெப்பநிலை.

சில இடங்களில் கைமாற்றத்தை வேண்டுமென்றே நடத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா செயற்கை ரப்பரை எமல்ஷன் முறையில் பெருமளவில் தயாரித்தது. மேலே சொன்ன காரணத்தால் அந்த முறையில் சங்கிலிகள் மிக நீளமாகிவிடும், கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட ரப்பரை எந்திரத்தில் பிசையவே முடியாது. அதற்கு மருந்தாகக் கந்தகம் உள்ள மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தார்கள். அதன் ஹைட்ரஜன் எளிதில் கழலும். வளரும் நுனி அதைப் பறித்துக்கொண்டு உரிய நீளத்தில் நின்றுவிடும்.

எத்திலீனில் நடப்பது இன்னும் விசித்திரம். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீனை மிக உயர்ந்த அழுத்தத்தில் பென்சால்டிஹைடோடு சூடாக்கினார்கள். எதிர்பார்த்தது வரவில்லை, பாத்திரத்தில் கொஞ்சம் வெள்ளை மெழுகு மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். அந்த முறையில் சங்கிலியின் நுனி சில சமயம் பாம்பு வாலைத் திருப்புவதுபோல வளைந்து தன் உடம்பிலேயே நான்கு கார்பன் தள்ளியுள்ள ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடும். வளர்ச்சி அங்கிருந்து தொடரும். பழைய நுனி நான்கு கார்பன் நீளக் கிளையாகத் தொங்கிவிடும். இந்தக் கிளைகளால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. எனவேதான் பால் பாக்கெட் உறை போன்ற மெல்லிய பாலித்தீன் வளைந்து கொடுக்கிறது, கிளை குறைவான இன்னொரு வகைப் பாலித்தீனில் வாளியும் டிரம்மும் விறைப்பாக வருகின்றன.

நிற்க முடியாமல் போனால்

இதுவரை பார்த்தது நிறுத்தம் ஒழுங்காக நடக்கும் நிலை. அது நடக்காமல் போகும்போதுதான் அதன் அருமை புரிகிறது.

வினை முன்னேற முன்னேற பாத்திரத்திலுள்ளது கெட்டியாகிக்கொண்டே போகும். நீளமான சங்கிலிகள் அந்தக் கூழில் நகர முடியாது. இரண்டு நுனிகள் சந்திக்க வேண்டுமானால் இரண்டு பெரிய நூல்கண்டுகள் ஒன்றையொன்று நோக்கி ஊர்ந்து வந்து, அவற்றுக்குள் புதைந்த நுனிகள் வெளியே நெளிந்து வர வேண்டும். கூழுக்குள் அது மிகமிக மெதுவாகிவிடும். ஆனால் மோனோமர் சிறியது, அது இடுக்குகளில் நுழைந்து நுனிக்கு வந்துகொண்டே இருக்கும். விளைவு என்ன? பிறப்பு தொடர்கிறது, வளர்ச்சி தொடர்கிறது, சாவு நின்றுவிட்டது. ராடிக்கல்கள் பெருகுகின்றன. குறைய வேண்டிய வேகம் திடீரென்று ஏறுகிறது. இதைக் கூழ் விளைவு என்கிறார்கள். 1942-இல் நாரிஷும் ஸ்மித்தும், பிறகு 1948-இல் டிராம்ஸ்டார்ஃபும் விவரித்ததால் அவர்கள் பெயராலும் வழங்குகிறது.

வேகம் ஏறினால் வெப்பமும் ஏறும். ஒரு கிலோ மெத்தில் மெத்தாக்ரிலேட் முழுவதும் பாலிமரானால் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 570 கிலோஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள இரண்டு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. கூழோ வெப்பத்தை வெளியே விடாது. சூடு கூடினால் துவக்கி இன்னும் வேகமாக உடையும், இன்னும் ராடிக்கல், இன்னும் சூடு.

பல் செட் செய்யும் தொழில்நுட்பர்கள் இந்த ஆபத்தைத் தினமும் சமாளிக்கிறார்கள். அவர்களுடைய பொருளும் இதே மெத்தில் மெத்தாக்ரிலேட்தான். ஆனால் அதை நேராக வார்ப்பதில்லை. ஏற்கெனவே பாலிமரான பொடியை மூன்று பங்கும் திரவ மோனோமரை ஒரு பங்கும் சேர்த்து மாவாகப் பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். பெரும்பகுதி முன்பே வினை முடிந்த பொடி என்பதால் வெளிவரும் வெப்பமும் குறைவு, சுருக்கமும் குறைவு. அப்படியிருந்தும் அச்சை நேராகக் கொதிநீரில் போடமாட்டார்கள். மோனோமரின் கொதிநிலை 100 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. உள்ளே வேகம் ஏறிச் சூடு அதைத் தாண்டினால் மோனோமர் கொதித்துக் குமிழியாகி, ஈறு நிறத் தகட்டுக்குள் ஓட்டைகள் விழும். அதனால் 74 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைப்பார்கள். கடைசியில் கொதிநீரில் ஒரு மணி நேரம் வைப்பதும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. முக்கால்வாசிக்குமேல் முடிந்ததும் கூழ் கண்ணாடியாக இறுகி, மோனோமரே நகர முடியாமல் வினை பாதியில் நின்றுவிடும். சூடாக்கினால்தான் இளகி மிச்சமும் முடியும். மிஞ்சிய மோனோமர் ஈறை அரிக்கும் என்பதால் இந்தக் கடைசி மணி நேரத்தை மிச்சம்பிடிக்கக் கூடாது.

பெரிய அளவில் இது கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதை 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் கண்டது. ஊரடங்கால் ஓடாமல் கிடந்த ஒரு பாலிஸ்டைரீன் ஆலையின் சேமிப்புத் தொட்டியில் ஸ்டைரீன் தானாகவே பாலிமராகத் தொடங்கியது. ஸ்டைரீனுக்குத் துவக்கிகூடத் தேவையில்லை. சும்மா வைத்திருந்தாலே அதன் மூலக்கூறுகள் தமக்குள் மோதி மெல்ல ராடிக்கல்களை உண்டாக்கும். சூடு கூடினால் அது விரைவாகும். தொட்டி கொதித்து ஸ்டைரீன் ஆவி தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்டைரீனைக் காக்க வேண்டிய தடுப்பான் போதிய அளவு இல்லாததையும் தொட்டியின் வெப்பநிலை சரியாகக் கவனிக்கப்படாததையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது.

தடுப்பான் என்றால் ராடிக்கல் பிறந்தவுடனே கொன்றுவிடும் பொருள். ஸ்டைரீனுக்கு வழக்கமாகச் சேர்ப்பது டி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டெர்ஷரி பியூட்டைல் கேட்டகால். எவ்வளவு தெரியுமா? ஒரு டன் ஸ்டைரீனுக்கு 10 முதல் 15 கிராம். ஒரு டன் திரவத்தின் அமைதி ஒரு கைப்பிடிகூட இல்லாத பொடியின்மேல் நிற்கிறது. அது செலவாகிக்கொண்டே இருக்கும். அளந்து பார்த்து மறுபடி சேர்க்க வேண்டும். தொட்டியைக் குளிராக வைத்தால் மெல்லச் செலவாகும், சூடாக விட்டால் விரைவில் தீரும்.

டி.பி.சி. தனியாக வேலை செய்வதில்லை என்பது இதில் இன்னொரு நுட்பம். அதற்கு ஸ்டைரீனில் கரைந்த கொஞ்சம் ஆக்ஸிஜன் வேண்டும். ராடிக்கல் முதலில் ஆக்ஸிஜனைப் பிடித்துப் பெராக்ஸி ராடிக்கலாகிறது. அதற்குத்தான் டி.பி.சி. தன் ஹைட்ரஜனைக் கொடுத்து முடித்துவைக்கிறது. அதனால் ஸ்டைரீன் தொட்டியில் காற்றை முழுவதும் வெளியேற்றி நைட்ரஜனை மட்டும் நிரப்பிவிட்டால் தடுப்பான் இருந்தும் பயனில்லாமல் போகும்.

இப்போது படகுக் கொட்டகைக்குத் திரும்பலாம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறில் ஜோடியில்லாத இரண்டு எலக்ட்ரான்கள் உண்டு. சாதாரண மூலக்கூறுகளில் இது அரிது. அதனால் வளரும் நுனியை ஆக்ஸிஜன் சந்தித்தவுடனே பிடித்துக்கொள்கிறது. மோனோமர் சேர்வதைவிடப் பல லட்சம் மடங்கு வேகத்தில். அதிலிருந்து வரும் பெராக்ஸி ராடிக்கல் சோம்பேறி, மோனோமரை எளிதில் பிடிக்காது. ரெசினின் உட்பகுதியில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் முதல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. கேட்டலிஸ்ட் ஊற்றியபின் உடனே கெட்டியாகாமல் வேலைசெய்ய நேரம் கிடைப்பதில் இதற்கும் ரெசினில் ஏற்கெனவே கலந்துள்ள தடுப்பானுக்கும் பங்குண்டு. அப்புறம் உள்ளே வளர்ச்சிக்குத் தடையில்லை. வலைபோலப் பின்னிக்கொள்ளும் சங்கிலிகளில் சில ராடிக்கல்கள் நகர முடியாமல் சிறைப்பட்டு, பொருள் இறுகிய பிறகும் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் மேற்பரப்பில் எடுக்க எடுக்கக் காற்றிலிருந்து புது ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய படலத்தில் சங்கிலிகள் தொடங்கிய வேகத்திலேயே நிற்கின்றன. கையில் ஒட்டுவது அந்தக் குட்டைச் சங்கிலிகளும் வினைபடாத ரெசினும்தான். ஜெல் நகப்பூச்சை விளக்கொளியில் காயவைத்த பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கும் பிசுக்கும், பல் மருத்துவர் நீல ஒளியில் இறுக்கும் பல் அடைப்பின் மேல் படியும் வழவழப்பும் இதே படலம்.

படகு கட்டுபவர்கள் இந்தப் பிசுபிசுப்பைக் குறையாகப் பார்ப்பதில்லை. அச்சின் உள்பக்கத்தில் முதலில் பூசும் ஜெல்கோட், அச்சைத் தொடும் பக்கம் காற்றுப் படாததால் கண்ணாடிபோல இறுகும். படகைக் கழற்றியதும் பளபளப்பாகத் தெரியும் வெளித்தோல் அதுதான். அதன் பின்பக்கம் காற்றைப் பார்த்துப் பிசுபிசுப்பாகவே இருக்கும். அடுத்த அடுக்கு நாரையும் ரெசினையும் அதன்மேல் வைக்கும்போது, ஆக்ஸிஜன் நிறுத்திவைத்த அந்தப் படலம் காற்றிலிருந்து மறைக்கப்பட்டு மறுபடி வினையைத் தொடரும். புது ரெசினின் சங்கிலிகள் அதற்குள்ளும் ஓடும், இரண்டு அடுக்கும் ஒட்டு தெரியாமல் ஒன்றாகும். இப்படி அடுக்கடுக்காக ஏற்றிவந்து, கடைசி அடுக்குக்கு மட்டும் ரெசினில் கொஞ்சம் பாரஃபின் மெழுகு சேர்ப்பார்கள். ரெசின் இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து ஒரு மெல்லிய ஏடாகப் படிந்து காற்றை மறைக்கும். மறுநாள் காலையில் மீனவர் அதன்மேல் கை வைத்தால் ஒட்டாது.